ஸ்கோப்பை மாற்றினால் ஜீரோ போய்விடுமா?

குடியாத்தத்தைச் சேர்ந்த ஒரு தம்பி மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறார். அவரிடம் இருப்பது .177 அங்குலக் குழல் அளவுள்ள பி.சி.பி. வகைக் காற்று ரைஃபிள். அதாவது சிலிண்டரில் முன்கூட்டியே அழுத்தக் காற்று அடைத்துக்கொள்ளும் வகை. அதில் 4×32 ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி; 4 மடங்கு பெரிதாக்கும், முன்கண்ணாடி 32 மி.மீ.) ஒன்று 25 மீட்டருக்கு ஜீரோ செய்யப்பட்டிருக்கிறது, அதாவது அந்தத் தூரத்தில் குறிவைத்த புள்ளியிலேயே குண்டு விழும்படி சரிசெய்யப்பட்டிருக்கிறது. இப்போது 6-24×50 ஸ்கோப் வாங்கியிருக்கிறார். ஜீரோ கலையாமல் மாற்ற முடியுமா? பிறகு பழையதையே திரும்ப மாட்டினால் பழைய ஜீரோ அப்படியே வருமா? அல்லது பழையதை மாமாவின் ஸ்பிரிங் துப்பாக்கிக்குக் கொடுத்துவிடலாமா?

முதல் கேள்விக்குச் சுருக்கமான விடை: கலையாமல் மாற்ற முடியாது. ஆனால், புதிய ஸ்கோப்பில் முதல் குண்டே குறிக்கு ஓரிரு சென்டிமீட்டர் அருகில் விழும்படி செய்துகொள்ள முடியும். அதற்கான வழியைத்தான் விரிவாகச் சொல்லப் போகிறேன். ராணுவத்தில் ஆயுதப் பராமரிப்பு வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இப்போது வேலூர் வட்டாரத்தில் துப்பாக்கி சுடக் கற்றுக்கொள்ளும் பிள்ளைகளுக்கு ரைஃபிளைச் சரிபார்த்துக் கொடுக்கிறேன். இந்தக் கேள்வி என்னிடம் அடிக்கடி வருகிறது.

கேட்பவர்களில் பெரும்பாலோர் ஜீரோ என்பதைத் துப்பாக்கியின் குணமாக நினைக்கிறார்கள். சிலர் அது ஸ்கோப்புக்குள் இருப்பதாக நினைக்கிறார்கள். இரண்டும் இல்லை. குழல் பார்க்கும் திசைக்கும் ஸ்கோப் பார்க்கும் திசைக்கும் இடையே உள்ள கோணம்தான் ஜீரோ. அந்தக் கோணம் ரெயில் (துப்பாக்கியின் மேலுள்ள பட்டை), மவுன்ட் (அதைப் பிடிக்கும் தாங்கி), ரிங் (ஸ்கோப்பைச் சுற்றிப் பிடிக்கும் வளையம்), அவற்றின் ஸ்க்ரூ இறுக்கம், ஸ்கோப்புக்குள் இருக்கும் ஸ்பிரிங் எல்லாம் சேர்ந்த பொருத்தத்தில் இருக்கிறது. ராணிப்பேட்டை பக்கம் லேத் ஓட்டுபவர்களிடம் கேட்டால் உடனே புரிந்துகொள்வார்கள்: லேத்தின் பிடியான சக்கிலிருந்து கழற்றிய வேலைப் பொருளைத் திரும்ப மாட்டினால் முன்பு ஓடியது போலவே ஓடுவதில்லை, மறுபடி டயல் அளவி வைத்துப் பார்த்தாக வேண்டும். ஆகவே ஜீரோவை ஒரு ஸ்கோப்பிலிருந்து இன்னொன்றுக்கு எடுத்து வைக்க முடியாது. அந்தக் கோணத்தை முடிந்தவரை துல்லியமாக நகல் எடுக்கலாம். எடுத்த நகல் சரிதானா என்று சுட்டுத்தான் பார்க்க வேண்டும். சுடாமலே ஜீரோ கிடைத்துவிடும் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

தொடங்குவதற்கு முன் ஒரு விஷயம். ராணுவத்துக்கு ஆள் கொடுத்துப் பெயர் பெற்ற நம் கம்மவான்பேட்டையில் ஓய்வு பெற்ற எந்த ஹவில்தாரைக் கேட்டாலும், முதலில் குரூப்பிங், பிறகுதான் ஜீரோயிங் என்பார். ஒரே இடத்தைக் குறிவைத்துச் சுட்ட குண்டுகள் நெருக்கமாக விழ வேண்டும். அந்த நெருக்கத்தின் நடு எங்கே இருக்கிறது என்று பார்த்து அதைக் குறிக்கு நகர்த்துவதுதான் ஜீரோ செய்வது. பழைய ஸ்கோப்பைக் கழற்றும் முன் அதே பெல்லட் (காற்று ரைஃபிளின் குண்டு), அதே காற்றழுத்தத்தில் 25 மீட்டரில் ஐந்து ஐந்தாக இரண்டு குரூப் சுட்டுக் காகிதத்தைப் பத்திரமாக வையுங்கள். பழைய ஸ்கோப்பின் ஜீரோ ஏற்கெனவே அரை அங்குலம் விலகியிருந்து, அதை நீங்கள் கவனிக்காமல் இருந்தால், அந்தப் பிழையும் சேர்ந்தே நகல் ஆகிவிடும்.

இனி நகல் எடுக்கும் முறை. இரண்டு வழிகள் இருக்கின்றன. இவற்றுக்கு இடையே உள்ள வேறுபாட்டைப் பலரும் கவனிப்பதில்லை.

முதல் வழி, குழல் முனையில் பொருத்தும் கோலிமேட்டர் என்ற கருவி. அதற்குள் கட்டம் போட்ட சிறு கண்ணாடி இருக்கும். பழைய ஸ்கோப் வழியாகப் பார்த்து, அதன் குறுக்குக்கோடு எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். புதிய ஸ்கோப்பை மாட்டி, அதன் குறுக்குக்கோட்டையும் அதே கட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும். இரண்டாவது வழி, சுடும் தூரத்திலேயே காகிதத்தில் ஒரு புள்ளி வைத்து, ரைஃபிளை அசையாமல் நிறுத்தி, பழைய ஸ்கோப்பை அந்தப் புள்ளியில் வைத்து, பிறகு புதிய ஸ்கோப்பையும் அதே புள்ளிக்குக் கொண்டுவருவது.

மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். ஆனால் உங்கள் விஷயத்தில் புதிய ஸ்கோப்பின் முன்கண்ணாடி 50 மி.மீ.; பழையது 32 மி.மீ. புதியது குழலில் இடிக்காமல் இருக்க உயரமான ரிங் போட வேண்டியிருக்கும். குழலின் மையத்திலிருந்து ஸ்கோப்பின் மையம் முன்பு 38 மி.மீ. உயரத்தில் இருந்து இப்போது 50 மி.மீ. ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். கோலிமேட்டர் காட்டுவது திசையை மட்டும். உயரம் அதற்குத் தெரியாது. அதை நம்பிக் கட்டத்துக்குக் கட்டம் பொருத்தினால், புதிய பார்வைக் கோடு பழைய கோட்டுக்கு இணையாக 12 மி.மீ. மேலே ஓடும். குண்டு பழைய வழியில்தான் போகும். எனவே 25 மீட்டரில் குறிக்கு 12 மி.மீ. கீழே விழும். ஸ்கோப்பின் குமிழைத் திருப்பும்போது அது நகரும் ஒவ்வொரு படியும் ஒரு கிளிக். கால் எம்.ஓ.ஏ. (எம்.ஓ.ஏ. என்பது ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு) கிளிக் உள்ள ஸ்கோப்பில் ஒரு கிளிக் 100 மீட்டரில் ஏறக்குறைய 7.3 மி.மீ. நகர்த்தும், 25 மீட்டரில் 1.8 மி.மீ. ஆக, கோலிமேட்டரில் பொருத்திய பிறகு 'அப்' என்ற பக்கம் ஆறேழு கிளிக் திருப்பினால் கணக்கு நேராகும். 0.1 மில் (மில் இன்னொரு கோண அளவு) கிளிக் என்றால் 25 மீட்டரில் ஒரு கிளிக்குக்கு 2.5 மி.மீ.; ஐந்து கிளிக் போதும்.

இரண்டாவது வழியில் இந்தக் கணக்கே தேவையில்லை. புள்ளி 25 மீட்டரில் இருக்கிறது. குண்டு அந்தப் புள்ளியில் விழும். புதிய ஸ்கோப்பும் அந்தப் புள்ளியையே பார்க்கிறது. உயர வேறுபாடு தானாகவே அடங்கிவிடுகிறது. ஆகவே உங்களுக்கு இரண்டாவது வழியைத்தான் சொல்வேன். கோலிமேட்டர் வாங்கச் செலவு செய்ய வேண்டாம்.

ஆனால் ரைஃபிள் அசையாமல் நிற்பது என்பது எளிதில்லை. மவுன்ட் ஸ்க்ரூவைத் தளர்த்தும்போதே, துணி சுற்றி வைஸில் (பட்டறைப் பிடிப்பானில்) பிடித்திருந்தாலும், துப்பாக்கி மயிரிழை நகரும். 25 மீட்டருக்கு அப்பால் அந்த மயிரிழை பல மி.மீ. ஆகிவிடும். பழைய ஸ்கோப்பைக் கழற்றிய பிறகு, நகர்ந்ததா இல்லையா என்று பார்க்கவும் வழி இருக்காது. இதற்கு மலிவான லேசர் போர்சைட்டர் ஒன்று போதும். குழல் முனையில் செருகும் அந்த லேசர், குழல் பார்க்கும் இடத்தைச் சரியாகக் காட்டும் என்று நம்பி வாங்குகிறார்கள். மலிவானவை சரியாகக் காட்டுவதில்லை. இங்கே அது சரியாகக் காட்டவும் வேண்டியதில்லை, சாட்சியாக நின்றால் போதும்.

செய்முறையைப் பாருங்கள். சேம்பரில் குண்டு இல்லை, பெல்லட் மேகசின் வெளியே இருக்கிறது என்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதி செய்யுங்கள். பின்கட்டை, முன்கட்டை இரண்டும் மணல் பையில் அல்லது துணி சுற்றிய வைஸில் படிய வேண்டும். குழலை ஒருபோதும் வைஸில் பிடிக்கக் கூடாது. லேசரைக் குழல் முனையில் செருகி ஆட்டம் இல்லாமல் செய்யுங்கள். பழைய ஸ்கோப்பின் குறுக்குக்கோட்டைக் காகிதத்தின் நடுப்புள்ளியில் வையுங்கள். அந்த நிலையில் லேசரின் சிவப்புப் பொட்டு காகிதத்தில் எங்கே விழுகிறதோ, அங்கே நண்பரைப் பேனாவால் ஒரு சிறு வட்டம் போடச் சொல்லுங்கள். வட்டம் நடுப்புள்ளிக்கு ஒரு சாண் தள்ளி இருந்தாலும் கவலை இல்லை. இப்போது லேசரைத் தொடாமல், திருப்பாமல், பழைய ஸ்கோப்பை ரிங்கோடு சேர்த்துக் கழற்றிப் புதியதை மாட்டுங்கள். மாட்டிய பிறகு ரைஃபிளை மெல்ல நகர்த்தி சிவப்புப் பொட்டை அந்த வட்டத்துக்குள் திரும்பக் கொண்டுவாருங்கள். குழல் பழைய திசைக்கு வந்துவிட்டது. இனி ரைஃபிளைத் தொடாமல், குமிழ்களை மட்டும் திருப்பிப் புதிய குறுக்குக்கோட்டை நடுப்புள்ளியில் நிறுத்த வேண்டும்.

இங்கே ஒரு குழப்பம் வரும். ரைஃபிள் அசையாமல் நிற்கும்போது குமிழை 'அப்' பக்கம் திருப்பினால், பார்வையில் குறுக்குக்கோடு கீழே இறங்கும். அம்புக்குறி சொல்வது குண்டு விழும் இடம் நகரும் திசையை. கோடு நகரும் திசை அதற்கு நேர் எதிர். கோடு மேலே போக வேண்டுமானால் 'டவுன்' பக்கம் திருப்ப வேண்டும். இடம் வலத்துக்கும் இதே விதிதான்.

இதைக் காலையில் ஆறரைக்கு அல்லது மாலை வெளிச்சம் மங்கும்போது செய்யுங்கள். வேலூர் வெயிலில் நடுப்பகலில் 25 மீட்டரில் சிவப்புப் பொட்டு கண்ணுக்கே தெரியாது. அக்னி நட்சத்திர நாட்களில் தரையிலிருந்து எழும் கானல், 24 மடங்கு பெரிதாக்கிப் பார்க்கும்போது குறிப்பலகையை நீரில் மிதப்பது போல ஆட வைக்கும். பத்துப் பன்னிரண்டு மடங்குக்கு மேல் வைக்காமல் வேலையை முடித்துக்கொள்ளுங்கள். முடிந்ததும் லேசரைக் கழற்றி மேசைமீது உங்கள் கண்ணெதிரே வையுங்கள். குழலில் எதுவாவது செருகியிருக்க, விசையைத் தொடுவது உயிருக்கு ஆபத்து. இதில் மட்டும் நம் மறதிக்கு இடமே கொடுக்கக் கூடாது.

இனி மவுன்ட். உங்கள் ரைஃபிளில் இருப்பது குறுக்கு வெட்டுகள் இல்லாத 11 மி.மீ. டவ்டெயில் ரெயிலா, குறுக்கு வெட்டுகள் உள்ள பிக்காட்டின்னி ரெயிலா என்று சொல்லவில்லை. பிக்காட்டின்னி என்பது 1995-ல் அமெரிக்க ராணுவம் தரப்படுத்திய அளவு; வெட்டின் அகலம் 5.23 மி.மீ., ஒரு வெட்டின் மையத்திலிருந்து அடுத்ததன் மையத்துக்கு 10.01 மி.மீ. இந்த அளவு எங்கும் ஒன்றாக இருப்பதால்தான், எந்த வெட்டில் மாட்டினோம் என்று குறித்துவைத்தால் அதே இடத்துக்குத் திரும்ப முடிகிறது. டவ்டெயிலில் அந்த வசதி இல்லை. மவுன்ட் முன்னும் பின்னும் எங்கே வேண்டுமானாலும் நிற்கும். பின் மவுன்ட்டின் விளிம்பு ரெயிலில் எங்கே முடிகிறதோ அங்கே நெயில் பாலிஷால் மெல்லிய கோடு ஒன்று இழுத்துவிடுங்கள்.

மாட்டும் முன் ரெயிலிலும் மவுன்ட்டின் தாடையிலும் எண்ணெய்ப் பசை போகத் துடைக்க வேண்டும். பிக்காட்டின்னியில் மவுன்ட்டை வெட்டுக்குள் வைத்து முன்பக்கமாக, அதாவது குழல் முனைப் பக்கமாக, தள்ளிப் பிடித்துக்கொண்டு இறுக்குங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே பக்கம், ஒரே அழுத்தம். ஜீரோ திரும்பி வருவதும் வராமல் போவதும் பெரும்பாலும் இந்த ஒரு பழக்கத்தில்தான் இருக்கிறது. ரிங் ஸ்க்ரூக்களை ஒரே மூச்சில் இறுக்காமல் குறுக்காக மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக இறுக்க வேண்டும். இரு பக்க இடைவெளியும் சமமாக இருக்க வேண்டும். பொதுவாக ரிங் ஸ்க்ரூவுக்கு 15 முதல் 18 அங்குல-பவுண்டு, அதாவது ஏறத்தாழ 2 நியூட்டன் மீட்டர் போதும். தயாரிப்பாளர் வேறு எண் கொடுத்திருந்தால் அதுவே சட்டம். பைக் மெக்கானிக்கிடம் இருக்கும் டார்க் ரெஞ்ச் இதற்கு உதவாது. அது இந்த அளவைவிடப் பல மடங்கு பெரிய விசைக்குச் செய்தது. அதை வைத்து இறுக்கினால் ஸ்கோப்பின் அலுமினியக் குழாய் நசுங்கும். நசுங்கிய பிறகு உள்ளே குறுக்குக்கோடு நகரும் பாகம் சிக்கிக்கொண்டு, கிளிக் திருப்பினாலும் நகராமல் நின்று, இரண்டு குண்டு போனதும் திடீரென்று தாவும். ஸ்கோப் மோசம் என்று திட்டப்படும் பல ஸ்கோப்கள் இப்படிக் கழுத்து நெரிக்கப்பட்டவைதாம்.

ரிங்கை முழுதாக இறுக்கும் முன் கோடு செங்குத்தாக நிற்கிறதா என்று பாருங்கள். கொத்தனார் தூக்குக்குண்டு ஒன்றைக் குறிப்பலகை பக்கம் தொங்கவிட்டு, ரைஃபிளை ரசமட்டத்தில் வைத்து, நிற்கும் கோட்டை அந்த நூலோடு பொருத்தினால் போதும். கோடு மூன்று டிகிரி சாய்ந்திருந்தால், தூரத்துக்காக 10 செ.மீ. உயர்த்தும்போது குண்டு பக்கவாட்டில் 5 மி.மீ. ஓடும். 25 மீட்டரில் மட்டும் சுடுபவருக்கு இது தெரியவே தெரியாது. ஐம்பதுக்குப் போனதும் காற்றைக் குறை சொல்லத் தொடங்குவார்.

இப்போது சுடலாம். நேராக 25 மீட்டருக்குப் போகாமல் முதலில் 10 மீட்டரில் ஒரு குண்டு. அங்கே குறியின் நடுவில் விழவில்லை என்று குமிழைத் திருகிவிடாதீர்கள். ஸ்கோப் 50 மி.மீ. உயரத்தில் இருந்து, குண்டு குழலை விட்டு வினாடிக்கு ஏறத்தாழ 270 மீட்டர் வேகத்தில் கிளம்பி, 25 மீட்டருக்கு ஜீரோ ஆகியிருந்தால், 10 மீட்டரில் அது குறிக்கு ஒன்றரை முதல் இரண்டு செ.மீ. கீழே விழுவதுதான் சரி. அங்கே காகிதத்தில் விழுந்தால் 25-க்கு நகருங்கள். ஐந்து குண்டு சுட்டு, குரூப்பின் நடு குறியிலிருந்து எத்தனை மி.மீ. விலகியிருக்கிறது என்று அளந்து, அதை 1.8 ஆல் (0.1 மில் கிளிக் என்றால் 2.5 ஆல்) வகுத்து வரும் எண்ணிக்கையில் கிளிக் திருப்புங்கள். ஒற்றைக் குண்டை நம்பித் திருப்பாதீர்கள். திருப்பிய பின் இன்னொரு ஐந்து. நகல் ஒழுங்காக எடுத்திருந்தால் இரண்டு அல்லது மூன்று குரூப்பில் வேலை முடியும்.

25-ல் சரியாகிவிட்டதும் பழைய தூரக் கணக்குகளைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். 12 மி.மீ. உயர்ந்த ஸ்கோப்பில், முன்பு விழுந்ததைவிட 10 மீட்டரில் 7 மி.மீ. கீழேயும் 40 மீட்டரில் 7 மி.மீ. மேலேயும் குண்டு விழும். 10, 15, 20, 30, 40 மீட்டர்களில் புதிதாகச் சுட்டு, எந்தத் தூரத்தில் குண்டு எங்கே விழுகிறது என்று புதிய அட்டை எழுதுங்கள். பாரலாக்ஸ் வளையம் (தூரத்துக்கு ஏற்ப ஸ்கோப்பைச் சரிசெய்வது) இருந்தால் ஒவ்வொரு தூரத்துக்கும் அதைத் திருப்பி, கண்ணைச் சற்று அசைத்தாலும் கோடு குறியின் மீதே நிற்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கே சுடுவது என்பதையும் சொல்லியாக வேண்டும். பாலாறு வறண்டு மணல் வெளியாகக் கிடப்பதைப் பார்த்து அங்கே போய் ஜீரோ செய்யும் இளைஞர்களைப் பற்றிக் கேள்விப்படுகிறேன். வேண்டாம். ஆற்றில் மாடு மேய்ப்பவர்கள் இருக்கிறார்கள், குறுக்கே நடந்து போகிறவர்கள் இருக்கிறார்கள், கூழாங்கல்லில் பட்ட குண்டு எந்தத் திசையில் தெறிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி .177 அளவுக்கும் 20 ஜூல் ஆற்றலுக்கும் மிகாத காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் தேவையில்லைதான். ஆனால் அந்தக் குண்டு ஒரு குழந்தையின் கண்ணைப் பறிக்கப் போதும். ஜவ்வாது மலைப் பக்கம் எடுத்துப் போய் முயலையோ பறவையையோ சுடுவது 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பின்னால் மண் சுவரோ குண்டு தாங்கியோ உள்ள, அனுமதி பெற்ற சுடுதளத்தில் மட்டும் சுடுங்கள். ஸ்கோப் வழியாகச் சும்மா பார்க்கக்கூட ரைஃபிளைத் தெருப்பக்கமோ மலைப்பக்கமோ நீட்டாதீர்கள்.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். பழைய ஸ்கோப்பைத் திரும்ப மாட்டும் எண்ணம் இருந்தால் அதன் ரிங்கைக் கழற்றாதீர்கள். புதியதற்குத் தனி ரிங் வாங்குங்கள். ஸ்கோப்பும் ரிங்கும் ஒரே துண்டாக இருந்து, அதே வெட்டில், அதே பக்கம் தள்ளி, அதே இறுக்கத்தில் மாட்டினால் நல்ல பிக்காட்டின்னி மவுன்ட்டில் பழைய இடத்துக்கு ஓரிரு கிளிக்குக்குள் வந்துவிடும். டவ்டெயிலில் அதைவிடச் சற்றுக் கூடுதலாக விலகலாம். இதை ஊகிக்காமல் சோதித்துப் பார்க்கலாம்: ஐந்து குண்டு சுட்டு, கழற்றி, மாட்டி, அதே காகிதத்தில் மறுபடி ஐந்து. இப்படி மூன்று முறை செய்தால் உங்கள் மவுன்ட் எவ்வளவு நம்பத் தக்கது என்று காகிதமே சொல்லிவிடும். மூன்று முறையும் ஒரே பக்கம் ஒரே அளவு விலகினால் அந்தக் கிளிக் எண்ணிக்கையை ரிங்கிலேயே சிறு தாளில் எழுதி ஒட்டுங்கள். விலகல் ஒவ்வொரு முறையும் வேறு வேறு பக்கம் போனால், அந்த மவுன்ட்டை மாற்றுவதைத் தவிர வேறு மருந்து இல்லை.

இன்னொன்று: மாவட்ட, மாநிலப் போட்டிகளில் 10 மீட்டர் காற்று ரைஃபிள் பிரிவில் கலந்துகொள்ளும் எண்ணம் இருந்தால், அங்கே ஸ்கோப்புக்கு இடமில்லை. சர்வதேச விதிப்படி பெரிதாக்கும் கண்ணாடி இல்லாத பீப் சைட், அதாவது சிறு துளை வழியாகக் குறிபார்க்கும் அமைப்புதான். அதற்குப் பயிற்சி எடுப்பவர் ஸ்கோப்பில் பணம் போட வேண்டாம்.

மூன்றாவது, மாமாவின் ஸ்பிரிங் துப்பாக்கி. பழைய ஸ்கோப்பின் பெட்டியில் ஸ்பிரிங் வகைக் காற்றுத் துப்பாக்கிக்கு ஏற்றது என்று தெளிவாகப் போட்டிருந்தால் ஒழிய, கொடுக்காதீர்கள். சாதாரண ரைஃபிள் பின்னோக்கி மட்டும் உதைக்கும். அந்த உதையைத் தாங்கும்படிதான் பல ஸ்கோப்களின் உட்பாகங்களைப் பொருத்துகிறார்கள். ஸ்பிரிங் துப்பாக்கியில் பிஸ்டன் பாயும்போது ஒரு முறை பின்னோக்கியும், அது சிலிண்டர் முனையில் போய் முட்டும்போது ஒரு முறை முன்னோக்கியும் உதைக்கும். அந்த இரண்டாவது உதையில்தான் லென்ஸ் தளர்ந்து குறுக்குக்கோடு அறுந்து போகிறது. ஏற்ற ஸ்கோப்பாகவே இருந்தாலும், பின் மவுன்ட்டுக்குப் பின்னால் ஸ்டாப்பர் ஒன்று வைத்து இறுக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் மவுன்ட் ரெயிலில் சுடச் சுடப் பின்னுக்கு ஊர்ந்துகொண்டே வரும். உயரம் மாறுகிறதா என்று அங்கேயும் அளந்துகொண்டு, 10 மீட்டரிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள்.